கமரா யாரை நோக்கித் திரும்ப வேண்டும்?

கொடிய குற்றமொன்று ஒரு நாட்டை உலுக்கும்போதெல்லாம், அதன் விசாரணையைத் தொலைக்காட்சியிற் காட்டவேண்டும் என்ற குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. இக்குரலை எழுப்புவோர் யாவரும் வெறும் வேடிக்கைப் பிரியர்கள் என்று நாம் தள்ளிவிட முடியாது. அவர்களுட் பலர் நம்மோடு ஒரே மேடையில் நிற்பவர்கள். ஆசிரியர் சங்கங்களிலும் மாணவர் மன்றங்களிலும் நம்மோடு சேர்ந்து உழைப்பவர்கள். அவர்கள் கூறும் நியாயம் இதுதான்: நீதி மக்களின் பெயரால் வழங்கப்படுகின்றது, ஆகவே அது வழங்கப்படும் முறையை மக்கள் காணவேண்டும். நான்கு சுவர்களுக்குள் நடக்கும் விசாரணையிற் செல்வமும் செல்வாக்கும் உடையவன் தப்பிவிடுகிறான். கமராவின் கண் திறந்திருந்தாற் பொய்ச்சாட்சியின் நாக் குழறும். பக்கஞ்சார்ந்த நீதிபதி தயங்குவார். பொலிசார் அடக்கமாக நடப்பர்.

இக்கோரிக்கையின் ஒரு பாதி நமக்கும் உடன்பாடானது. மறுபாதியோ, ஏழையைக் குற்றவாளிக்கூண்டிலிருந்து இறக்கிக் கடைத்தெருவில் நிறுத்துவதாகும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் “வெளிப்படை” என்ற ஒரு சொல்லை மட்டும் முழங்கிக்கொண்டிருப்பது முற்போக்காளருக்கு அழகன்று. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

வெளிப்படையான விசாரணை என்ற உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்காக உதிரம் சிந்தியவர்கள் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ‘நட்சத்திர மண்டபம்’ எனப்பட்ட அரச மன்று, யூரர் எவருமின்றியே, மன்னராட்சிக்கு ஆகாதவர்களை விசாரித்துத் தண்டித்து வந்தது. ஜோன் லில்பேர்ண் என்ற இளைஞர், அனுமதி பெறாத நூல்களோடு தொடர்புடையவர் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1638இல் அம்மன்றின் கட்டளைப்படி வண்டியின் பின்னே கட்டப்பட்டு லண்டன் வீதிகளிற் சவுக்கால் அடிக்கப்பட்டார். 1641இல் அம்மன்று ஒழிக்கப்பட்டது. 1649இல் மன்னனின் தலை வெட்டுண்டது. ஆனால் அதன்பின் வந்த புதிய ஆட்சியும் அதே ஆண்டில் லில்பேர்ணைத் துரோகக் குற்றஞ்சாட்டிக் கூண்டில் நிறுத்தியது. அப்போது அவர் வற்புறுத்திய முதற் காரியங்களுள் ஒன்று, மன்றத்தின் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்பது. கதவுகள் திறந்தன. மக்கள் நிறைந்திருந்த மண்டபத்தில் யூரர் அவரைக் குற்றமற்றவர் என்றனர்.

இங்கே கதவைத் திறக்கச் சொன்னவர் யார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கூண்டில் நின்றவரே சொன்னார். தம்மை மக்கள் பார்க்கவேண்டும் என்ற ஆசையால் அவர் அதைக் கேட்கவில்லை. தம்மை விசாரிப்போரை மக்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

அதே இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டு வரை தூக்குத் தண்டனையும் பகிரங்கமாகவே நிறைவேற்றப்பட்டது. அங்கும் மக்கள் திரண்டனர். தின்பண்டம் விற்போரும் துண்டுப்பிரசுரம் விற்போரும் திரண்டனர். லில்பேர்ணின் வழக்கைப் போலவே இதுவும் ‘பொது’வான காட்சிதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதைக் குழந்தையும் அறியும். முன்னதில் அதிகாரம் பார்க்கப்பட்டது. பின்னதில் அதிகாரம் தான் அழிக்கும் உடலைப் பிறருக்குக் காட்டியது. நீதிமன்றத்தினுட் கமராவைக் கொண்டுசெல்ல விரும்புவோர் முதலிற் சொல்ல வேண்டியது இதுதான்: அவர்கள் விரும்புவது இவ்விரண்டில் எதனை?

கமரா நீதிமன்றத்துள் நுழைந்த வரலாற்றை அமெரிக்காவிலேயே தெளிவாகக் காணலாம். அட்லாந்திக் சமுத்திரத்தைத் தனியே விமானத்திற் கடந்து புகழ்பெற்ற சார்ல்ஸ் லின்ட்பேர்க்கின் குழந்தை 1932இற் கடத்திக் கொல்லப்பட்டது. ஜேர்மனியிலிருந்து குடியேறிய தச்சுத் தொழிலாளியான புரூனோ ஹவுப்ட்மன் என்பவர் 1935இன் தொடக்கத்தில் நியூ ஜேர்சி மாநிலத்தின் பிளெமிங்டன் என்னும் சிற்றூரில் விசாரிக்கப்பட்டார். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, நீதிபதியின் கட்டுப்பாட்டையும் மீறி எடுக்கப்பட்ட படச்சுருள்கள் திரையரங்குகளிற் செய்திப்படங்களாகக் காட்டப்பட்டன. குழந்தையைக் கடத்துவதற்குப் பயன்பட்டதாகக் கூறப்பட்ட ஏணியின் சிறிய உருவங்கள் நீதிமன்றத் தெருவில் நினைவுப் பொருள்களாக விற்கப்பட்டன. ஒரு குழந்தையின் மரணத்தையும் ஒரு மனிதனின் உயிர்ப்போராட்டத்தையும் வைத்து ஏணி விற்ற அந்த வியாபாரியை நாம் தனியே பழிக்க வேண்டியதில்லை. திரையரங்கு முதலாளி பெரிய அளவிற் செய்ததை அவன் சிறிய அளவிற் செய்தான். ஹவுப்ட்மனின் மரண தண்டனை 1936இல் நிறைவேற்றப்பட்டது. அந்த ஆரவாரத்தைக் கண்டு நாணிய அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமே 1937இல் நீதிமன்றத்துட் படம் பிடித்தலும் ஒலிபரப்புதலும் தகாதன என்று விதி வகுத்தது.

அவ்விதி எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் பில்லி சோல் எஸ்டெஸ் என்ற வணிகரின் மோசடி வழக்கு 1962இல் முன்விசாரணைக்கு வந்தபோது பன்னிரண்டு படப்பிடிப்பாளர்களேனும் மன்றத்தை நிறைத்தனர். மின்கம்பிகள் தரையெங்கும் பாம்பாய் நெளிந்தன. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1965இல், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறித் தீர்ப்பை நீக்கியது. எஸ்டெஸ் ஏழையல்லர், நம் அனுதாபத்துக்கு உரியவருமல்லர். ஆயினும் அத்தீர்ப்பிற் சொல்லப்பட்ட காரணங்கள் ஏழைக்கே மிகுதியும் பொருந்துவன. கமராவின் முன் யூரரின் கவனம் சிதறும். தாம் எந்த முடிவுக்கு வரவேண்டும் என்று அயலார் எதிர்பார்க்கின்றனர் என்ற நினைவு அவர்களை அலைக்கழிக்கும். சாட்சி அஞ்சி ஒடுங்குவான், அல்லது நடிக்கத் தொடங்குவான். நீதிபதி தம் ஊரார் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு அமர்ந்திருப்பார். பல மாநிலங்களில் நீதிபதிகள் மக்களின் வாக்கினால் தெரிவு செய்யப்படுகிறவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் நன்கு விளங்கும்.

பின்னர் கமராக்கள் சிறுத்தன, கம்பிகள் மறைந்தன. 1981இல் அதே உயர் நீதிமன்றம், மாநிலங்கள் விரும்பினால் விசாரணைகளை ஒளிபரப்ப அனுமதிக்கலாம் என்று கூறியது. கருவி சிறுத்ததேயன்றி அதன் பின்னால் நிற்கும் வணிகம் சிறுக்கவில்லை. 1991இல் வழக்குகளைக் காட்டுவதற்கென்றே ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தோன்றியது. 1995இல் ஓ. ஜே. சிம்ப்ஸன் என்ற விளையாட்டு வீரரின் கொலை வழக்கு மாதக் கணக்கில் வீடுதோறும் ஓடியது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட ஒக்டோபர் 3ஆம் திகதி பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் அதனைப் பார்த்ததாகக் கணிக்கப்பட்டது. நீதிபதியைப் போல வேடமிட்ட நடனக்காரர்கள் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சியில் ஆடினர். கொல்லப்பட்ட இருவரின் பெற்றோர் வீட்டில் அழுதுகொண்டிருந்த வேளையில், அவர்களது துயரத்தின் நடுவே சவர்க்காரத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் விளம்பரம் வந்தது. அவ்வழக்கின் பின் அமெரிக்காவிலேயே பல நீதிபதிகள் கமராவுக்குக் கதவடைத்தனர். சிம்ப்ஸன்மீது பின்னர் நடந்த உரிமை வழக்கிற் கமராவுக்கு இடமே இருக்கவில்லை.

இதனால் மக்கள் நீதியைப்பற்றி எதனைக் கற்றனர்? இக்கேள்வி ஆசிரியர்களாகிய நமக்கு மிக முக்கியமானது. தொலைக்காட்சி காட்டிய அமெரிக்க நீதி இது: பெயர்பெற்ற சட்டத்தரணிகள் அணிவகுக்க, யூரர் மாதக்கணக்கிற் செவிமடுக்க, ஒவ்வொரு சான்றும் அலசப்பட்டு நடக்கும் பெரும் விசாரணை. உண்மை நிலை யாது? அமெரிக்க உயர் நீதிமன்றமே 2012இல் எடுத்துரைத்தபடி, கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்றத்தீர்ப்புகளில் 97 வீதமும், மாநில நீதிமன்றங்களின் குற்றத்தீர்ப்புகளில் 94 வீதமும், குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதன் விளைவுகள். அவற்றில் விசாரணை என்பதே இல்லை. பிணைப்பணம் கட்ட வழியின்றி மறியலில் வாடுபவனிடம் அரசதரப்புச் சட்டத்தரணி வந்து, “ஒப்புக்கொண்டாற் குறைந்த தண்டனை, வழக்காடித் தோற்றால் நீண்ட சிறை” என்கிறார். அவன் ஒப்புக்கொள்கிறான். அந்தப் பேரம் நடக்கும் ஒழுங்கையிற் கமரா இல்லை.

நியூயோர்க் நகரில் முதுகுப்பை ஒன்றைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், 3,000 டொலர் பிணை கட்ட இயலாத குடும்பத்திற் பிறந்த குற்றத்துக்காக, 2010 முதல் மூன்று ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையிற் கிடந்தான்; அக்காலத்தின் பெரும்பகுதியைத் தனிமைச் சிறையிற் கழித்தான். ஒப்புக்கொண்டால் வீடு செல்லலாம் என்றபோதும், செய்யாததை ஒப்புக்கொள்ள மறுத்தான். 2013இற் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் அவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவன் வழக்கைத் தொலைக்காட்சி காட்டவில்லை, காட்டியிருக்கவும் முடியாது. காட்டுவதற்கு அங்கே விசாரணையே இருக்கவில்லை. நூற்றில் ஆறு வழக்கைக் காட்டி அதுவே நீதியின் முகம் என்று மக்களை நம்பச் செய்வது வெளிப்படையா, திரையிடுதலா?

“அப்படியாயின் ஜோர்ஜ் புளொயிட் வழக்கை என்ன சொல்வீர்?” என்று நம் நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். 2020 மே 25ஆம் திகதி மினியாபொலிஸ் நகர வீதியில், கைவிலங்கிடப்பட்டு நிலத்திற் கிடந்த கறுப்பினத்தவரான புளொயிட்டின் கழுத்தை, டெரெக் ஷோவின் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒன்பது நிமிடங்களுக்கு மேலாகத் தம் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தார். புளொயிட் இறந்தார். பொலிசாரின் முதல் அறிக்கை அம்மரணத்தை ஒரு மருத்துவ அசம்பாவிதம்போல வருணித்தது. 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்த விசாரணை உலகெங்கும் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. ஏப்ரல் 20ஆம் திகதி யூரர் மூன்று குற்றச்சாட்டுகளிலும் ஷோவினைக் குற்றவாளி எனக் கண்டனர். இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கமரா இல்லாவிட்டால் இந்நீதி கிடைத்திருக்குமா என்பது நண்பர்களின் வினா.

எந்தக் கமரா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பொலிசாரின் முதல் அறிக்கையைப் பொய்யாக்கியது நீதிமன்றச் சுவரிற் பொருத்தப்பட்டிருந்த கருவியன்று. அவ்வழியாற் சென்ற பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் கையிலிருந்த தொலைபேசி. அவளையும் தாண்டி, தொற்றுநோய்க் காலத்திலும் வீதிக்கு வந்த இலட்சக்கணக்கான மக்கள். இவ்விரண்டும் இல்லாதிருந்தால் அவ்வழக்கு மன்றம் வரை வந்திருக்குமா என்பதே ஐயம்.

இதனை நிறுவ வேறொரு வழக்கு உண்டு. 1991 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் குண்டாந்தடிகளால் அடித்து நொருக்கியதை, மாடியில் நின்ற அயலவர் ஒருவர் வீடியோவிற் பதிந்தார். உலகம் முழுவதும் அதனைப் பார்த்தது. நான்கு பொலிசார்மீதான வழக்கு, நகருக்கு வெளியே வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த சிமி வலிக்கு மாற்றப்பட்டது. யூரரில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவரல்லர். அந்த விசாரணையும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது. எதிரிதரப்புச் சட்டத்தரணிகள் அதே வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்திக் காட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு விளக்கம் கூறினர். 1992 ஏப்ரல் 29ஆம் திகதி, ஒரு குற்றச்சாட்டில் மட்டும் முடிவுக்கு வர இயலாமல், ஏனைய அனைத்திலும் யூரர் அவர்களை விடுவித்தனர். நகரம் தீப்பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சம்பவத்தின் வீடியோ இரண்டு வழக்கிலும் இருந்தது. மன்றத்துட் கமராவும் இரண்டிலும் இருந்தது. முடிவோ வேறாயிற்று. ஆதலின் நீதியைக் கமரா பெற்றுத் தந்தது என்று கூறுவது, மழைக்குக் குடையைக் காரணங்காட்டுவது போலாகும். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிற் பொலிஸ் கொடுமைக்கு எதிராக ஊர் ஊராகக் கட்டியெழுப்பப்பட்ட இயக்கமே வேறுபாட்டின் பெரும்பகுதி. அந்த உழைப்பின் பெருமையை ஒரு கருவிக்குத் தாரைவார்க்க நாம் ஒருப்படோம்.

மேலும், ஷோவின் வழக்கிற் கமரா எந்த நிபந்தனைகளோடு நுழைந்தது என்பதை நண்பர்கள் மறந்துவிடுகின்றனர். மினசோட்டா மாநிலத்தில் விசாரணைகளை ஒளிபரப்புவது அப்போது வழக்கமாக இருக்கவில்லை. தொற்றுநோய் காரணமாக மன்றத்தினுள் மக்களை அனுமதிக்க இயலாத நிலையில், வெளிப்படையான விசாரணை என்ற உரிமையைக் காக்கவே நீதிபதி பீற்றர் கேஹில் அதனை அனுமதித்தார். ஒளிபரப்பை எதிரிதரப்பு விரும்பியது; ஆட்சேபித்தது வழக்குத் தொடுத்த தரப்பு. சாட்சிகள் அஞ்சுவர் என்பது அவர்களின் கவலை. சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதிருந்த சாட்சிகளின் முகங்கள் காட்டப்படவில்லை; குரல் மட்டுமே கேட்டது. யூரரின் முகங்களும் காட்டப்படவில்லை. கூண்டில் நின்றவரோ அரசின் சீருடை அணிந்து, அரசின் சம்பளத்தில், அரசின் பெயரால் ஒருவரைக் கொன்றவர். அவரைப் பார்ப்பது அதிகாரத்தைப் பார்ப்பதேயாகும். இவ்வழக்கு நம் எதிர்த்தரப்பாருக்குச் சான்றன்று, நமக்கே சான்று.

நம் அணியின் பழைய பிழை ஒன்றையும் இங்கே கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1959 சனவரியில், புரட்சி வென்ற சில வாரங்களில், பட்டிஸ்ராவின் படையதிகாரியான சோசா பிளாங்கோ என்பவரை ஹவானாவின் விளையாட்டரங்கிலே ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிற் புரட்சி அரசு விசாரித்தது. தொலைக்காட்சியும் அதனைக் காட்டியது. அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் கொடியவை. ஆனால் கூச்சலிட்ட அந்த அரங்கில் உலகம் கண்டது அவருடைய குற்றங்களையன்று, அரங்கின் கூச்சலை. வெளியுலகின் கண்டனத்தின் பின் விசாரணை சிறிய இடமொன்றில் மீண்டும் நடத்தப்பட்டு, அவர் பெப்ரவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். கொடியவன் ஒருவனைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தினால் அவனும் பலியாள்போலத் தோன்றுவான். மக்களின் பெயரால் நடக்கும் நீதிக்குக் கைதட்டல் துணையாகாது. முதலாளித்துவத் தொலைக்காட்சியின் காட்சிப்பித்தைக் கண்டிக்கும் நாம், நம்மவர் நடத்திய காட்சியைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் தகாது.

இனி விசாரணையின் உள்ளமைப்பை நோக்குவோம். ஒரு சாட்சி கூறுவதை மற்றொரு சாட்சி கேளாதிருக்கும்படி, சாட்சியளிக்கும் வரை அவரை மன்றுக்கு வெளியே இருத்துவது பழைய விதி. ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றவர் தம் சொல்லைத் திருத்திக்கொள்ளாமல் இருப்பதற்கே இவ்விதி. நேரடி ஒளிபரப்பு இவ்விதியை வேரோடு பிடுங்கிவிடுகின்றது. வீட்டிலிருக்கும் சாட்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டே மன்றுக்கு வருவார். வன்முறைக்கு ஆளான பெண்ணின் நிலையோ இதனினும் கொடிது. நாற்பது பேர் இருக்கும் மண்டபத்திற் சொல்வதற்கே நடுங்கும் ஒன்றை அவள் நாடு முழுவதற்கும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் அதே ஊர்ச் சந்தையில் மீன் வாங்கவும் வேண்டும். இறுதியில் குற்றமற்றவர் எனக் காணப்படும் எதிரியின் கதி என்ன? தீர்ப்பு அவரை விடுவிக்கும். திரையிற் பதிந்த முகத்தை எந்தத் தீர்ப்பு விடுவிக்கும்? செல்வந்தன் வேறு நகருக்குக் குடிபெயர்வான். கூலித் தொழிலாளி எங்கே போவான்?

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை நீதிமன்றங்களில் விசாரணைகளைத் தொலைக்காட்சியிற் காட்டும் வழக்கம் இல்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 106ஆம் உறுப்புரையில், நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்கிறது. 13ஆம் உறுப்புரையில், குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை ஒருவரைச் சுத்தவாளியாகவே கொள்ளவேண்டும் என்கிறது. ஏட்டில் இரண்டும் அருகருகே உள்ளன. நடைமுறையிலோ, கமரா மன்றத்துக்கு வருமுன்னரே ஏழையின் வீட்டுக்கு வந்துவிடுகின்றது. 2023 டிசெம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரிற் பொலிசார் தொடங்கிய நடவடிக்கையின்போது, சேரிகளிலும் தோட்டங்களிலும் நடந்த தேடுதல்களும் கைதுகளும் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னே நிகழ்ந்தன. அம்முகங்களுள் எத்தனை பின்னர் குற்றமற்றவை எனக் காணப்பட்டன என்று அதே தொலைக்காட்சி வந்து சொல்லவில்லை. கைது செய்தியாகும், விடுதலை செய்தியாகாது. இத்தகைய தொலைக்காட்சியிடம் விசாரணையையும் ஒப்படைப்போம் என்பவர்கள், எதனை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

ஆயினும் கதவு மூடியிருந்தாற் போதும் என்று நாம் சொல்லவில்லை. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்திற் பெண்களும் சிறுவர்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இருபது ஆண்டுகளின் பின், 2016 யூலையில், அநுராதபுர மேல் நீதிமன்றத்தில் யூரர் முன் நடந்த விசாரணையில், குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரும் விடுவிக்கப்பட்டனர். குமாரபுரத்து மக்களுக்கு அநுராதபுரம் வீட்டு வாசலன்று. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் நாட்கூலியை இழந்து, பேருந்து மாறி, வேற்றுமொழி பேசும் மன்றத்துக்கு எத்தனை நாள் போய்வர முடியும்? என்ன கேட்கப்பட்டது, எவர் என்ன கூறினார், எந்தச் சான்று ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பவற்றை அவர்கள் தம் மொழியில், தம் ஊரிலிருந்து அறியும் உரிமை உடையவர்கள். அதே வேளையில், சீருடை அணிந்தவர்களைச் சாட்சிக்கூண்டில் நின்று அடையாளங்காட்ட வேண்டிய கிராமத்தவரின் முகத்தை நாடறியக் காட்டுவது அவர் உயிரோடு விளையாடுவதாகும். இந்த ஒரு வழக்கிலேயே நம் வாதத்தின் இரு பாதிகளும் அடங்கிவிடுகின்றன.

ஆகவே நாம் கோருவது இது. முதலாவதாக, ஒவ்வொரு பாரதூரமான குற்ற விசாரணையும் நீதிமன்றத்தாலேயே முழுமையாகப் பதியப்பட வேண்டும். அப்பதிவு மக்களின் சொத்தாக இருக்கவேண்டும். எந்த நிறுவனத்துக்கும் அதனை வெட்டியொட்டி விற்கும் உரிமை இருத்தலாகாது. இரண்டாவதாக, கமரா நீதிபதியையும், இரு தரப்புச் சட்டத்தரணிகளையும், பதவியின் பெயராற் சாட்சி கூறும் அரச உத்தியோகத்தரையும் நோக்க வேண்டும். பொதுமக்களான சாட்சிகளையும், பாதிக்கப்பட்டோரையும், எதிரியையும் அவர்களின் சம்மதமின்றி நோக்கலாகாது. மூன்றாவதாக, விசாரணை முடியும் வரை பதிவு வெளிவரலாகாது. முடிந்தபின் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்துப் பிரதியோடு வெளிவர வேண்டும். நான்காவதாக, கூண்டில் நிற்பவரே இருளுக்கு அஞ்சி வெளிச்சத்தைக் கேட்டால், லில்பேர்ணுக்குத் திறந்ததுபோல அவருக்கும் கதவு திறக்க வேண்டும். சீருடையிற் செய்த செயலுக்காக அரச உத்தியோகத்தர் விசாரிக்கப்படும்போது, தம் முகத்தை மறைக்கும் சலுகை அவருக்கு இல்லை. இவ்விரு நிலைமைகளில் விசாரணை நடக்கும்போதே ஒளிபரப்புவதும் பொருந்தும். அப்போதும் பொதுமக்களான சாட்சிகளின் முகங்களுக்குப் பாதுகாப்பு மாறலாகாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார் உளர். நீதிமன்றத்திற் படம்பிடிப்பதை 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்திருந்த இங்கிலாந்திலேயே, 2022 யூலை முதல், பாரிய குற்ற வழக்குகளில் தண்டனை விதிக்கும் நீதிபதியின் உரை ஒளிபரப்பப்படுகின்றது. கமரா நீதிபதியை மட்டுமே காட்டும். யாரைக் காட்டுவது, யாரைக் காட்டாமல் விடுவது என்று வகுக்க இயலும் என்பதற்கு அது போதிய சான்று. ஆனால் அதிகாரம் தன் மிகக் கம்பீரமான வேளையில் மட்டும் முகம் காட்டும் அந்த அளவு நமக்குப் போதாது. பொலிஸ் உத்தியோகத்தர் குறுக்கு விசாரணையில் தடுமாறும் வேளையும் பதிவில் இருக்கவேண்டும்.

“நீங்கள் மக்களை அறிவிலிகளாகக் கருதுகிறீர்கள், அவர்கள் தாமே பார்த்துத் தாமே தீர்மானிக்கட்டும்” என்பது இறுதியாக எழும் ஆட்சேபம். மக்களின் அறிவில் நமக்குள்ள நம்பிக்கையே முழுப் பதிவைக் கோரச் செய்கிறது. மூன்று வார விசாரணையை மூன்று நிமிடமாக்கி, அழுகின்ற முகத்தையும் அதட்டுகின்ற குரலையும் மட்டும் பொறுக்கித் தருபவனே மக்களை அறிவிலிகளாகக் கருதுபவன். முழுப் பதிவு கையில் இருந்தால் ஒரு கிராமத்து ஆசிரியர் அதனை மாணவரோடு அமர்ந்து ஆராயலாம். ஒரு தொழிற்சங்கம் அதனைக் கொண்டு பொலிசாரின் பொய்யை அம்பலப்படுத்தலாம். ஒரு சட்ட மாணவன் நீதிபதியின் தவறைச் சுட்டிக்காட்டலாம். மக்கள் நீதியைக் கண்காணித்தல் என்பது இத்தகைய வேலை. அதற்குப் பொறுமை வேண்டும்.

நாம் ஆண்டுதோறும் வகுப்பறையிற் கற்பிக்கும் கதை ஒன்றை நினைத்துப் பார்ப்போம். மதுரையிற் கோவலன் இறந்தது வேடிக்கை பார்க்க ஆளில்லாமையால் அன்று. ஒரு பொற்கொல்லனின் சொல்லை அரசன் விசாரியாது ஏற்றான், அதனால் இறந்தான். கண்ணகி அவைக்களத்திற்குச் சென்று கேட்டதும் தன் துயரத்தை ஊரார் பார்க்கவேண்டும் என்றன்று. உன் அரசியின் சிலம்பிலுள்ள பரல் எது, என் சிலம்பிலுள்ள பரல் எது என்று உடைத்துக் காட்டினாள். விசாரணை தவறிய அரசனை எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வைத்தாள். அன்று அவையிலிருந்தோர் பார்க்க வேண்டியிருந்தது அரசனின் முகத்தை. இன்றும் நாம் பார்க்க வேண்டியது அந்த முகத்தைத்தான். அதனை நோக்கிக் கமராவைத் திருப்புங்கள். முதல் ஆளாக நாம் உங்களோடு நிற்போம். கூண்டில் நடுங்கும் ஏழையை நோக்கித் திருப்புவீர்களாயின், உங்களுக்கு எதிரே நிற்போம்.